ஈ.டி.வி. அறுவைக்குப் பிறகு வரும் அரிதான சிக்கல்கள்: அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

மலைக்கோட்டை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு வயது பதினொன்று. இரண்டு மாதங்களாகக் காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்கேன் எடுத்ததில் மூளையில் நீர் கோத்திருப்பது தெரிந்தது. மூளைக்குள் நீர் நிறைந்திருக்கும் அறைகளை வென்ட்ரிக்கிள் என்கிறார்கள். மூன்றாம் வென்ட்ரிக்கிளிலிருந்து நான்காம் வென்ட்ரிக்கிளுக்கு நீர் இறங்கும் அக்குவிடக்ட் என்னும் குறுகிய வழி அடைபட்டிருந்ததுதான் காரணம் என்றார்கள். மூளை நீரைத் தோலுக்கு அடியில் உடலின் வேறு பகுதிக்கு வடிக்கும் ஷன்ட் குழாய் வைக்காமல், எண்டோஸ்கோப்பி வழியாக மூன்றாம் வென்ட்ரிக்கிளின் தரையில் சிறு துளையிட்டு நீருக்கு மாற்றுவழி செய்யும் ஈ.டி.வி. அறுவையைச் செய்தார்கள். ஒன்றேகால் மணி நேரத்தில் அறுவை முடிந்தது. மாலையிலேயே கண் விழித்து என்னை அடையாளம் கண்டு பேசினாள். நாங்கள் தெய்வத்துக்கு நன்றி சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தோம்.

அன்றிரவு பத்து மணியிலிருந்து தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாள். அறுவைக்காகப் பட்டினி கிடந்த பிள்ளை, நா வறண்டிருக்கும் என்று எண்ணி நாங்களும் கொடுத்தோம். கட்டிலருகே தொங்கிய சிறுநீர்ப் பையைக் கவனித்தவர் என் மாமியார்தான். பையில் இருந்தது குழாய்த் தண்ணீரைப்போல நிறமே இல்லாமல் இருந்தது. "பிள்ளை குடிக்கிறதைவிடப் போகிறதுதான் அதிகம், யாரையாவது கூப்பிடுங்கள் மாப்பிள்ளை" என்றார். விடியற்காலை ஐந்து மணிக்குள் 2,400 மில்லி சேர்ந்திருந்தது. மகளின் எடை 32 கிலோ. இரத்தத்தில் சோடியம் இயல்பைவிட அதிகமாக 152 என்று வந்தது. அதன் பிறகு சிறுநீர்ப் போக்கைக் குறைக்கும் டெஸ்மோப்ரெசின் மருந்து கொடுத்தார்கள். நான்கு நாளில் வீடு திரும்ப வேண்டியவள் பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்தாள். இப்போதும் இரவில் அரை மாத்திரை தொடர்கிறது.

மருத்துவர்கள் மீது எனக்குக் குறை இல்லை. ஆனால் கையெழுத்து வாங்கிய படிவத்தில் "இரத்தக்கசிவு, கிருமித்தொற்று" என்ற இரண்டு சொற்கள் மட்டுமே இருந்தன. இப்படி ஒன்று வரக்கூடும் என்று முன்பே அறிந்திருந்தால் இரவு பத்து மணிக்கே செவிலியரை அழைத்திருப்போம். நாங்கள் அறியாதவை இன்னும் என்னென்ன இருக்கின்றன, அவற்றில் பின்னாளில் வரக்கூடியவை உண்டா என்பதுதான் என் கேள்வி.

இரவுப்பணி

ஐயா, நான் நரம்பியல் அறுவை ஐ.சி.யூ.வில் பதினான்கு ஆண்டுகளாகப் பணிபுரியும் செவிலி. உங்கள் மாமியார் பார்த்ததைத்தான் நாங்களும் பார்க்கிறோம். ஈ.டி.வி. முடிந்து வரும் நோயாளிக்கு மணிக்கு ஒருமுறை சிறுநீரை அளந்து குறித்துவைப்பது எங்கள் வழக்கம். ஒரு பிள்ளைக்குக் கிலோ ஒன்றுக்கு மணிக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லி என்பது இயல்பு. அது நான்கைத் தாண்டி, அடுத்த மணியிலும் குறையாமல், நிறமும் வெளுத்திருந்தால் இரவு எத்தனை மணியானாலும் மருத்துவரை அழைத்துவிடுவோம். உங்கள் மகளுக்கு அந்த ஏழு மணி நேரமும் கணக்குப் பார்த்தால் மணிக்குக் கிலோவுக்குப் பத்து மில்லிக்கும் மேல் வருகிறது. அதை முதல் இரண்டு மணியிலேயே பிடித்திருக்க வேண்டும்.

இதை டயாபடீஸ் இன்சிபிடஸ் என்பார்கள். பெயரில் நீரிழிவு இருந்தாலும் சர்க்கரைக்கும் இதற்கும் தொடர்பில்லை. பெரும்பாலானவர்களுக்குச் சில நாளிலோ சில வாரங்களிலோ சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் நிலைத்துவிடுவதுண்டு.

இதைவிட நான் அஞ்சுவது அடுத்து வரக்கூடிய கட்டத்தை. சிலருக்கு முதல் சில நாள் சிறுநீர் வெள்ளமாகப் போகும். பிறகு, ஏறத்தாழ ஐந்தாம் நாளுக்கு மேல், சேதமடைந்த நரம்பு நுனிகள் தேக்கிவைத்திருந்த, சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை ஒரேயடியாக வெளிவிடுவதால் சிறுநீர் திடீரென்று குறைந்துவிடும். பிள்ளை தேறிவிட்டதாக வீட்டார் மகிழ்வார்கள். அந்த நேரத்தில் பழைய அளவிலேயே மாத்திரையும் தண்ணீரும் கொடுத்துக்கொண்டிருந்தால் சோடியம் கிடுகிடுவென்று இறங்கி வலிப்பு வந்துவிடும். ஒரு பையனுக்கு 121 வரை இறங்கியதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே மாத்திரை எடுக்கும் பிள்ளைக்கு "நிறையத் தண்ணீர் குடி" என்று யாரும் வற்புறுத்தக் கூடாது. தாகத்துக்கு மட்டும் குடிக்க வேண்டும். மாத்திரையின் அளவை மாற்றும் ஒவ்வொரு முறையும் சோடியம் பார்க்க வேண்டும். மாத்திரை வேலை செய்து ஓய்ந்து, சிறுநீர் மறுபடி நன்றாகப் போன பிறகே அடுத்த மாத்திரை என்பது எங்கள் பிரிவில் பின்பற்றும் முறை. உங்கள் மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

துளைவழி

நான் நரம்பியல் அறுவை மருத்துவர். கேட்டவர் ஒரு தந்தை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இங்கே எழுதுவது பொதுவான விளக்கம் மட்டுமே, உங்கள் மகளுக்கான சிகிச்சை ஆலோசனை ஆகாது.

இந்தச் சிக்கல்கள் ஒவ்வொன்றும் ஏன் வருகின்றன என்பது எண்டோஸ்கோப் போகும் பாதையைத் தெரிந்துகொண்டால் தானாக விளங்கிவிடும். நெற்றிக்கு மேலே, நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் தள்ளி மண்டையோட்டில் ஒரு துளை போடுகிறோம். அங்கிருந்து மூளைத் திசுவின் ஊடாகப் பக்கவாட்டு வென்ட்ரிக்கிளை அடைந்து, மன்றோ துவாரம் என்னும் சிறு வாசல் வழியாக மூன்றாம் வென்ட்ரிக்கிளுக்குள் இறங்குகிறோம். அந்த வாசலின் முன்விளிம்பாக வளைந்து நிற்பது ஃபோர்னிக்ஸ் என்னும் நரம்புக்கற்றை. புதிய நினைவுகளைப் பதியவைப்பதில் அதற்குப் பெரிய பங்குண்டு. உள்ளே இறங்கியதும் கீழே தரை தெரியும். முன்னால் பிட்யூட்டரி சுரப்பியை நோக்கி இறங்கும் சிவந்த குழி, பின்னால் மாமில்லரி என்னும் இரட்டை வெண்குமிழ்கள். இரண்டுக்கும் நடுவில், நீரழுத்தத்தால் மெலிந்து கண்ணாடித்தாள்போல் ஆகிவிட்ட தரையில்தான் துளை போட வேண்டும். துளையைச் சிறு பலூன் கொண்டு விரிப்போம். அந்தத் தரைக்கு நேர் கீழே மூளைத்தண்டுக்கு உயிரளிக்கும் பேசிலார் தமனி துடித்துக்கொண்டிருக்கும். இருபுறமும் கண்ணை அசைக்கும் மூன்றாம் நரம்பு செல்லும்.

தரையே, தாகத்தையும் ஹார்மோன்களையும் ஆளும் ஹைப்போதாலமஸின் ஒரு பகுதி. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனைச் சுமந்துசெல்லும் நரம்பிழைகள் அவ்வழியேதான் பிட்யூட்டரிக்கு இறங்குகின்றன. துளை சற்று முன்னே தள்ளிப் போனாலும், தரை தடித்திருந்து பலூன் அதை இழுத்தாலும் அவ்விழைகள் நோகும். உங்கள் மகளுக்கு நேர்ந்தது இதுவாகவே இருக்கலாம். துளை பின்னே தள்ளிப் போனால் தமனிக்கு ஆபத்து. பக்கவாட்டில் விலகினால் கண் நரம்புக்கு ஆபத்து.

எண்களையும் சொல்லிவிடுகிறேன். பல நாடுகளில் நடந்த ஏறத்தாழ மூவாயிரம் அறுவைகளைத் திரட்டிப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு, எல்லாச் சிக்கல்களையும் சேர்த்து 8.5 விழுக்காடு என்றும், நிரந்தரமாக நிற்கும் பாதிப்பு இரண்டு விழுக்காட்டை ஒட்டி என்றும் கண்டது. பேசிலார் தமனி கிழிவது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு மட்டுமே. ஆனால் அது நேர்ந்துவிட்டால் திரையில் ஒரு நொடியில் எல்லாம் சிவப்பாகிவிடும். எதுவும் தெரியாது. அப்போது பதறி எண்டோஸ்கோப்பை வெளியே எடுத்துவிடாமல், பார்வை தெளியும்வரை பொறுமையாக நீர் பாய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். அரைமணி நேரம் அப்படி நின்ற அறுவைகளும் உண்டு. இரத்தம் நின்றுவிட்டது என்பதோடு கதை முடிவதில்லை. காயம்பட்ட இடத்தில் சில நாளிலோ சில வாரங்களிலோ தமனிச் சுவர் புடைத்துப் பொய்யான அனூரிசமாக மாறி மறுபடி வெடித்த நேர்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. ஆகவே அறுவையின்போது தமனியிலிருந்து இரத்தம் வந்திருந்தால், நோயாளி நன்றாக இருந்தாலும் ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்ப்பது அவசியம்.

நம் நாட்டைப் பொறுத்த ஒன்றையும் சொல்ல வேண்டும். காசநோய் மூளைக்காய்ச்சலால் நீர் கோத்தவர்கள் இங்கே அதிகம். அந்நோயாளிகளின் நிலையை நான்கு படிகளாகப் பிரித்து, அறுவைக்குப் பின் யார் பிழைப்பார்கள் என்று கணிக்கும் முறை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து 1991-இல் வெளிவந்தது. இன்றும் உலகம் முழுவதும் அதைப் பயன்படுத்துகிறார்கள். இத்தகையவர்களுக்கு மூன்றாம் வென்ட்ரிக்கிளின் தரை கண்ணாடித்தாள்போல் இருக்காது. கசிவு படிந்து தடித்து, கீழே இருக்கும் தமனியை மறைத்துவிடும். இவர்களுக்கு ஈ.டி.வி. செய்வதா ஷன்ட் வைப்பதா என்பது இன்றும் எங்களுக்குள் தீராத விவாதம். தொற்றுக்குப் பின் நீர் கோத்தவர்களுக்கும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைகளுக்கும் வெற்றி வாய்ப்பே குறைவு. உங்கள் மகளைப்போல் பத்து வயதைக் கடந்து, அக்குவிடக்ட் அடைப்பு மட்டுமே காரணமாக இருந்து, முன்பு ஷன்ட் வைக்காதவர்களுக்குத்தான் வாய்ப்பு மிக அதிகம். ஆகவே அவளுக்கு இந்த அறுவையைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

வைகைக்கரை

மருத்துவர் ஃபோர்னிக்ஸ் பற்றி எழுதியதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. நான் ஆசிரியை. முப்பத்தெட்டு வயதில் இதே அறுவை செய்துகொண்டேன். தலைவலி போனது, நடையில் இருந்த தள்ளாட்டமும் போனது. எல்லோரும் வெற்றி என்றார்கள். எனக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் படித்த செய்யுள் அப்படியே நினைவிருந்தது. காலையில் வருகைப் பதிவு எடுத்தேனா என்பது பதினொரு மணிக்கு நினைவில்லை. ஒரே மாணவியிடம் ஒரே கேள்வியை ஒரு பாடவேளையில் மூன்று முறை கேட்டிருக்கிறேன். அந்தப் பெண் மூன்று முறையும் மரியாதையோடு பதில் சொன்னாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் என்னை அதிகமாக அழவைத்தது.

வீட்டில் மன உளைச்சல் என்றார்கள். ஒருவர் தியானம் செய்யச் சொன்னார். ஆறு மாதம் கழித்து வேறோர் ஊரில் நினைவாற்றல் சோதனை செய்து பார்த்தபோதுதான் இது அறுவையின் பின்விளைவு என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது கிடைத்த ஆறுதலைச் சொற்களில் சொல்ல முடியாது. ஓராண்டுக்குள் பெருமளவு திரும்பிவிட்டது. ஆனாலும் இன்றுவரை ஒரு நோட்டுப் புத்தகம் என் கையைவிட்டுப் பிரிவதில்லை.

பெண்கள் இருப்பதால் இன்னொன்றையும் வெளிப்படையாக எழுதுகிறேன். எனக்கு ஏழு மாதம் மாதவிலக்கு வரவில்லை, உடம்பும் ஒன்பது கிலோ ஏறியது. இதையும் அறுவையையும் இணைத்து யாரும் பார்க்கவில்லை. மலைக்கோட்டை ஐயா, உங்கள் மகள் பூப்பெய்தும் வயதில் இருப்பவள். அதனால்தான் சொல்கிறேன்.

துளைவழி

அம்மா, எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொன்னவை அனைத்தும் ஏடுகளில் பதிவானவையே. மாதவிலக்கு நிற்பது, எடை கூடுவது, சிறுபிள்ளைகள் வயதுக்கு முன்பே பூப்பெய்துவது, தாக உணர்வே இல்லாமற்போவது ஆகிய எல்லாமே ஹைப்போதாலமஸ் தொடர்பானவை. நீர் கோத்திருப்பதாலேயேகூட இவற்றில் சில வரக்கூடும் என்பதால், அறுவைக்கு முன்பே ஹார்மோன் அளவுகளைப் பார்த்து வைத்திருந்தால் பின்னால் ஒப்பிட வசதியாக இருக்கும். பெரும்பாலான இடங்களில் இதைச் செய்வதில்லை என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

நினைவைப் பற்றியும் ஒன்று. மன்றோ துவாரம் சிறிதாக இருக்கும்போதும், மூன்றாம் வென்ட்ரிக்கிளின் பின்புறத்தில் கட்டி இருந்து, ஒரே துளை வழியாக அதிலிருந்து திசுவும் எடுக்க முயலும்போதும் எண்டோஸ்கோப் சாய்ந்து ஃபோர்னிக்ஸை அழுத்துகிறது. அறுவைப் பதிவைப் பிறகு போட்டுப் பார்த்தால் அதில் சிறு சிராய்ப்பு தெரிவது அரிதன்று. பெரும்பாலோருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் நாங்கள் சோதித்துப் பார்க்காததால்தான் தெரியவில்லையோ என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு.

வல்லைவெளி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்குச் சத்திரசிகிச்சை முடிந்த மறுநாள் இடது கண்ணிமை கீழே விழுந்து, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. கண்மணியும் மற்றக் கண்ணைவிடப் பெரிதாக இருந்தது. மூன்றாவது நரம்பு அதிர்ந்துவிட்டது, பொறுத்திருங்கள் என்று வைத்தியர் சொன்னார். ஒரு கண்ணை மாறி மாறி மூடி வைத்திருந்தோம். பத்துக் கிழமையில் முற்றாகச் சரியாகிவிட்டது. இதே நிலையில் இருக்கும் பெற்றோர் மனம் தளரக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

தறிச்சத்தம்

எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் எழுதுகிறீர்கள் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனாலும் ஒரு மறுப்பைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. என் மைத்துனரின் ஒன்றரை வயதுப் பையனுக்கு இதே அறுவை செய்ய நாள் குறித்தார்கள். அவர் இணையத்தில் இப்படிப்பட்ட அனுபவங்களை எல்லாம் படித்துவிட்டு, தமனி கிழியும், நினைவு போகும் என்று அஞ்சி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். மூன்று மாதம் பச்சிலை வைத்தியம் பார்த்தார்கள். திரும்பக் கொண்டுபோனபோது பையனின் பார்வை நரம்பு பாதி வெளுத்துப்போயிருந்தது. ஆயிரத்தில் ஒருவருக்கு வருவதைச் சொல்லிப் பயமுறுத்தினால், மீதிப் பேருக்கெல்லாம் கேடு வராதா? படிவத்தில் இரண்டு சொல் மட்டும் எழுதும் மருத்துவர்களை நான் குறைசொல்ல மாட்டேன்.

மலைக்கோட்டை

ஐயா, உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நேர்ந்தது அறிந்து மனம் கனக்கிறது. ஆனால் நான் கேட்டது அறுவைக்கு முன் சொல்லும் பட்டியலை மட்டும் அன்று. அறுவை முடிந்து கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் எங்களிடம், "சிறுநீர் இவ்வளவுக்கு மேல் போனால் கூப்பிடுங்கள், கண்ணிமை இறங்கினால் சொல்லுங்கள், தலையணை நனைந்திருந்தால் காட்டுங்கள்" என்று யாராவது சொல்லியிருக்கலாம் அல்லவா? அதைக் கேட்டு எந்தத் தகப்பனும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடமாட்டான்.

இரவுப்பணி

தலையணையைக் குறிப்பிட்டீர்கள், அதனால் ஒன்று சேர்க்கிறேன். கைக்குழந்தைகளுக்குத் தையல் வழியாக மூளைத்தண்டுவட நீர் கசிவதுண்டு. உறையில் தெளிவான ஈர வட்டம், நடுவில் இலேசான இரத்தக் கறை, சுற்றிலும் வெளுத்த வளையம் என்று தெரியும். வியர்வை என்று எண்ணி உறையை மாற்றிவிடாதீர்கள், எடுத்து வைத்துக் காட்டுங்கள். கசிவு கிருமித்தொற்றுக்கு வாசல் திறந்துவிடும். அதோடு, துளை சரியாக வேலை செய்யாமல் உள்ளே அழுத்தம் குறையவில்லை என்பதன் முதல் அடையாளமாகவும் அது இருக்கக்கூடும்.

விழிப்பறை

நான் மயக்க மருத்துவர். அறுவை மேசையிலேயே நேரக்கூடிய ஒன்று பெற்றோர் காதுக்கு வருவதே இல்லை. பார்வை தெளிவாக இருப்பதற்காக உள்ளே தொடர்ந்து நீர் பாய்ச்சுகிறோம். உள்ளே போகும் நீர் வெளியேறும் குழல் ஒரு சிறு திசுத் துணுக்கால் அடைபட்டாலும் போதும், சில நொடிகளில் மூளைக்குள் அழுத்தம் ஏறி இதயத் துடிப்பு நூறிலிருந்து நாற்பதுக்கு விழுந்துவிடும். தரையை இழுக்கும்போதும் பலூனை விரிக்கும்போதும்கூட இது நேரும். துடிப்பு நின்றேவிட்ட நேர்வும் 1990-களிலேயே பதிவாகியிருக்கிறது. மருந்தைத் தேடுவதற்கு முன், "நிறுத்துங்கள், நீரை வெளியே விடுங்கள்" என்று அறுவை மருத்துவரிடம் உரக்கச் சொல்வதுதான் முதல் சிகிச்சை. பெரும்பாலும் அதிலேயே துடிப்பு மீண்டுவிடும். பாய்ச்சும் நீர் உடல் வெப்பத்தில் இருக்க வேண்டும். வெறும் சலைனைவிட மூளைத்தண்டுவட நீரின் உப்புச் சேர்க்கைக்கு நெருக்கமான ரிங்கர் லாக்டேட்டையே நான் வற்புறுத்துவேன். அறுவைக்குப் பின் பிள்ளை விழிக்கத் தாமதமானால், இந்த அறுவையில் எவ்வளவு நீர் உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று நான் முதலில் கேட்பேன்.

கொல்லிமலை

இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மலைக்கோட்டை அண்ணன் "பின்னாளில் வரக்கூடியவை உண்டா" என்று கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் எழுதவில்லை. எங்கள் வீட்டில் அது நடந்திருக்கிறது.

என் அக்கா மகனுக்கு ஆறு வயதில் ஈ.டி.வி. செய்தார்கள். நான்கு ஆண்டுகள் ஒரு குறையும் இல்லை. ஓட்டப்பந்தயத்தில் பரிசெல்லாம் வாங்கினான். மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு, இனி வரவேண்டியதில்லை என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். உடம்புக்குள் குழாயும் இல்லை, கருவியும் இல்லை, எது கெட்டுப்போகப் போகிறது என்று நினைத்தோம். பத்தாம் வயதில் ஒரு திருவிழா சமயத்தில் இரண்டு நாள் வாந்தி. அருகில் இருந்த ஒரு கிளினிக்கில் உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். பழைய அறுவையைப் பற்றி அக்கா சொன்னாள். அவர்கள் காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் தடவிப் பார்த்துவிட்டு, குழாய் எதுவும் இல்லையே, அப்படியென்றால் அது பழைய கதை என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் பையன் தூங்கிக்கொண்டே இருந்தான். பொழுது சாயும் நேரத்தில் எழுப்பினால் எழவில்லை. மலையிலிருந்து கீழே இறங்குவதற்குள் மூச்சு தடுமாறியது. நகரத்து மருத்துவமனையில் இரவோடிரவாகத் தலையில் துளையிட்டு நீரை வடித்தார்கள். பிழைத்துக்கொண்டான். ஆனால் பார்வையில் பெரும்பகுதி திரும்பவில்லை. போட்ட துளை தழும்பாகி மூடியிருந்தது என்றார்கள். இப்போது அவன் விரல்களால் தடவித்தான் படிக்கிறான்.

துளைவழி

இந்த இழையில் ஒன்றை மட்டுமே படிக்க நேரமுள்ளவர்கள், கொல்லிமலை அவர்கள் எழுதியதைப் படியுங்கள்.

துளை மூடிக்கொள்வது முதல் ஆறு மாதத்துக்குள்தான் மிகுதி. அதற்குப் பிறகு மூடுவது அரிது, ஆனால் இல்லாமலில்லை. தாமதமாக மூடியதால் இறந்துபோன மூன்று நோயாளிகளைப் பற்றிக் கனடாவிலிருந்து 2002-இல் ஓர் அறிக்கை வந்தது. 2006-இல் அதே குழுவினர் வேறு மையங்களின் நேர்வுகளையும் சேர்த்து எழுதினார்கள். அறுவைக்கும் திடீர்ச் சரிவுக்கும் இடைப்பட்ட காலம் சில வாரங்களிலிருந்து ஏழாண்டுகளுக்கு மேல் வரை இருந்தது. பலருக்கு நோய்க்குறி தொடங்கிச் சில மணி நேரங்களில், மிஞ்சினால் ஓரிரு நாளில் உயிர் போயிருக்கிறது.

ஷன்ட் வைத்த பிள்ளையின் பெற்றோர் எப்போதும் எச்சரிக்கையாக இருப்பார்கள், ஏனென்றால் குழாய் கையில் தட்டுப்படுகிறது. ஈ.டி.வி. செய்த பிள்ளைக்கு முடிக்குள் மறைந்திருக்கும் ஒரு சிறு தழும்பைத் தவிர வெளியே அடையாளமே இல்லை. அதனால்தான் வீட்டாரும் மறக்கிறார்கள், புதிதாகப் பார்க்கும் மருத்துவரும் ஏமாறுகிறார். சிறுநீரகப் பாதை மருத்துவர்களின் கருவியைக் கொண்டு 1923-இல் பாஸ்டனில் மிக்ஸ்டர் ஒரு கைக்குழந்தைக்கு முதன்முதலில் இவ்வறுவையைச் செய்து நூறாண்டு கடந்துவிட்டது. கருவிகள் எவ்வளவோ மாறியுள்ளன. நாம் உண்டாக்குவது உயிருள்ள திசுவில் ஒரு திறப்பு, திசு அதை ஆற்றிவிடவே முயலும் என்பது மட்டும் மாறவில்லை.

ஸ்கேனைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. ஈ.டி.வி.க்குப் பின் வென்ட்ரிக்கிள்கள் ஷன்ட் வைத்தவர்களுக்குப்போல் விரைவாகச் சுருங்குவதில்லை. நலமாக இருப்பவருக்கும் அவை பெரிதாகவே இருக்கக்கூடும். ஆகவே "இன்னும் பெரிதாக இருக்கிறதே" என்று அஞ்ச வேண்டாம். அதேபோல் பழைய படத்தோடு ஒப்பிடாமல் "இது எப்போதும் இப்படித்தான்" என்று விட்டுவிடவும் கூடாது. எம்.ஆர்.ஐ.யில் துளை வழியாக நீர் பாய்வது ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும். அந்தப் படத்தின் ஒரு படியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

தறிச்சத்தம்

கொல்லிமலை சகோதரியின் பதிவுக்குப் பிறகு என் பழைய வாதத்தை அப்படியே வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. முன்பே சொல்வது குறித்து என் அச்சம் இன்னும் இருக்கிறது. வீட்டுக்கு அனுப்பும்போது இதைச் சொல்லாமல் விடுவது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். ஒரு கேள்வி: தலைத்தோலுக்கு அடியில் ஒரு சிறு குமிழ் வைத்துவிட்டால், ஆபத்து நேரத்தில் ஊசியால் நீரை எடுத்துவிடலாம் என்று ஒரு மருத்துவர் சொன்னாரே, அதை ஏன் எல்லோருக்கும் செய்வதில்லை?

துளைவழி

ஒம்மாயா என்னும் குமிழைச் சொல்கிறீர்கள். பாகிஸ்தானில் பிறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் அயூப் ஒம்மாயா 1963-இல் அறிமுகப்படுத்தியது. ஈ.டி.வி. செய்த எல்லோருக்கும் அதை வைக்க வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. துளை மூடிவிட்டால், ஸ்கேன் வசதியில்லாத இடத்திலும் ஊசி வழியாக நீரை எடுத்து உயிரைக் காப்பாற்றிவிடலாம் என்பது அவர்கள் வாதம். எதிர்ப்பவர்கள், உடலில் எந்தப் பொருளும் வைக்காமல் தொற்றைத் தவிர்ப்பதே இவ்வறுவையின் பெருமை, அதை ஏன் இழக்க வேண்டும் என்கிறார்கள். நான் எல்லோருக்கும் வைப்பதில்லை. மலைக் கிராமத்திலிருந்து வரும் பிள்ளை, நரம்பியல் மையம் நான்கு மணி நேரத் தொலைவில் இருக்கிறது என்றால் பெற்றோரிடம் பேசிவிட்டு வைக்கிறேன். என் முடிவு சரிதான் என்று நிறுவும் அளவுக்குச் சான்றுகள் இல்லை.

மலைக்கோட்டை

எல்லோருக்கும் நன்றி. மகளின் சோடியம் நேற்று இயல்பு அளவான 139. மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாளாகக் குறைத்திருக்கிறார்கள். பள்ளி திறந்துவிட்டது. அவள் பையில் வைக்க ஓர் அட்டை எழுதியிருக்கிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள்:

"இந்த மாணவிக்கு மூளை நீர்க்கோப்புக்காக ஈ.டி.வி. அறுவை செய்யப்பட்டுள்ளது. உடலில் ஷன்ட் குழாய் இல்லை. தழும்பு வலப்பக்க முன்னந்தலையில், முடிக்குள் உள்ளது. கடுமையான தலைவலி, வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம், இரட்டைப் பார்வை ஆகியவற்றில் எது இருந்தாலும், துளை மூடியிருக்கக்கூடும் என்று கருதி, நரம்பியல் அறுவைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லவும். டெஸ்மோப்ரெசின் எடுப்பவள், ஆகவே சோடியமும் பார்க்கவும்." கீழே எங்கள் தொலைபேசி எண்கள்.

துளைவழி

நன்றாக இருக்கிறது. ஒன்று சேர்க்க வேண்டும். "ஸ்கேன் எடுப்பதற்கு முன் முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டாம்" என்று எழுதுங்கள். துளை திறந்திருக்கும்போது அந்த ஊசியால் கேடில்லை, சில வேளைகளில் நாங்களே செய்கிறோம். மூடியிருக்கும்போது செய்தால் மூளை கீழ்நோக்கி இறங்கி உயிருக்கு ஆபத்தாகிவிடும். காய்ச்சலும் தலைவலியுமாக வரும் பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் என்று எண்ணி அவசரப்பட்டு அதைச் செய்துவிட வாய்ப்புண்டு.

கொல்லிமலை

அண்ணா, "கடுமையான" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். எங்கள் பையனுக்குக் கடுமையாக எதுவும் வலிக்கவில்லை. தலை கனமாக இருக்கிறது என்றுதான் சொன்னான்.

மலைக்கோட்டை

எடுத்துவிட்டேன் அம்மா. மருத்துவர் சொன்ன வரியையும் சேர்த்து நான்கு படிகள் லேமினேட் செய்தாயிற்று. ஒன்று பள்ளிப் பையில், ஒன்று வகுப்பாசிரியரிடம், ஒன்று வேன் ஓட்டுநரிடம். நான்காவதை என் மாமியார் கேட்டு வாங்கித் தம் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.